பழைய குடிநீர், கழிவுநீர் நீரேற்று நிலையங்களைப் புதுப்பித்தல்: தருமபுரி, கிருஷ்ணகிரி நகரங்களுக்கான முழுமையான வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் குடிநீர் மோட்டார் ஒன்று பழுதாகி மூன்று நாள் நின்றுவிட்டால், அந்தப் பகுதி மக்கள் தண்ணீர் இல்லாமல் காத்திருப்பதில்லை; அருகில் உள்ள ஆழ்துளைக் கிணற்றுக்குக் குடத்தோடு போகிறார்கள். இங்குள்ள பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரையும் புளோரைடு, பல இடங்களில் இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்ற அளவையும், வேறு ஆதாரமே இல்லாதபோது மட்டும் பொறுத்துக்கொள்ளப்படும் 1.5 மில்லிகிராம் என்ற அளவையும் தாண்டி நிற்கிறது. குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறையாகத் தொடங்கி, பல ஆண்டுகள் குடித்தவர்களின் மூட்டையும் முதுகெலும்பையும் இறுக்கிவிடும் இந்தப் பாதிப்பைக் குறைப்பதற்காகவே, ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியோடு தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை நிறைவேற்றியது. 2013-ல் அது பயன்பாட்டுக்கு வந்தது. காவிரித் தண்ணீர் ஒகேனக்கல் பள்ளத்திலிருந்து பென்னாகரம் மேட்டுக்கு ஏறி வந்தால்தான் நமக்குக் கிடைக்கும். நகருக்குள் வந்த பிறகும், சம்ப் எனும் தரைத்தொட்டியிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு அதை மறுபடி ஏற்ற வேண்டியிருக்கிறது.

ஆகவே இந்த இரண்டு மாவட்டங்களிலும் நீரேற்று நிலையத்தைப் பொதுச் சுகாதார நிலையமாகவே கருதித் திட்டமிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கழிவுநீர் உந்து நிலையமும் அப்படியே. அது நின்றால், பள்ளத்தில் இருக்கும் மேன்ஹோல் முதலில் பொங்கும். அங்கிருந்து ஓடைக்கும் ஏரிக்கும், கடைசியில் தென்பெண்ணைக்கும் கழிவுநீர் போய்ச் சேரும்.

மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பு வெளியிட்டுள்ள கையேடு, பம்பு, மோட்டார் போன்ற இயந்திரங்களின் வடிவமைப்புக் காலத்தை 15 ஆண்டுகள் என்றும், கட்டடத்தின் காலத்தை 30 ஆண்டுகள் என்றும் கொள்கிறது. 2013-ல் ஓடத் தொடங்கிய இயந்திரங்களுக்கு அந்த 15 ஆண்டுகள் 2028-ல் நிறைகின்றன. நகருக்குள் அதற்கும் முன்பே அமைத்த நிலையங்கள் அந்த வயதை எப்போதோ கடந்துவிட்டன. நகராட்சிப் பொறியாளர்கள், மன்ற உறுப்பினர்கள், குடியிருப்போர் நலச் சங்கத்தினர் ஆகியோர் இப்போதிருந்தே என்ன செய்ய வேண்டும் என்பதை இந்த வழிகாட்டி படிப்படியாகச் சொல்கிறது.

முதல் படி: எது நின்றால் யாருக்கு என்ன ஆகும்?

பெரும்பாலான நகரங்களில் புதுப்பிப்புப் பட்டியல் இயந்திரத்தின் வயதை வைத்தோ, சென்ற ஆண்டு எத்தனை முறை பழுதானது என்பதை வைத்தோ தயாராகிறது. இவை தேவையான தகவல்கள்தாம். முன்னுரிமையை இவற்றை மட்டும் கொண்டு முடிவு செய்யக்கூடாது. ஒவ்வொரு நிலையத்துக்கும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். மோட்டார் நின்ற பிறகு மேல்நிலைத் தொட்டியில் உள்ள நீர் எத்தனை மணி நேரம் தாங்கும்? அது தீர்ந்ததும் அந்தத் தெருக்காரர்கள் எந்தத் தண்ணீருக்குப் போவார்கள்? அந்தத் தண்ணீரின் புளோரைடு அளவு என்ன? மூன்றாவது கேள்விக்கு வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் மாதிரி கொடுத்து விடை பெறலாம். மாற்று ஆதாரத்தில் புளோரைடு மிகுந்த பகுதிக்கு நீர் ஏற்றும் நிலையம், வயதில் சிறியதாக இருந்தாலும் பட்டியலில் மேலே வர வேண்டும்.

கழிவுநீர் நிலையங்களுக்குக் கேள்வி வேறு: மின்சாரம் போன எத்தனையாவது நிமிடத்தில் பொங்கும், பொங்கினால் எங்கே போகும்? கழிவுநீர் வந்து சேரும் சேகரிப்புக் கிணற்றின் கொள்ளளவை வரத்தால் வகுத்தாலே முதல் பாதிக்கு விடை கிடைத்துவிடும். பல நிலையங்களில் அந்த விடை ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே இருக்கும்.

இந்தக் கள ஆய்வுக்குப் போகும்போது, நிலையத்தில் பல ஆண்டு வேலை பார்த்த ஆபரேட்டரை உட்கார வைத்து நிதானமாகப் பேச வேண்டும். வரைபடத்தில் இல்லாத பல செய்திகள் அவரிடம் இருக்கும். வெளியேற்று வால்வின் சக்கரத்தையும் தண்டையும் உற்றுப் பாருங்கள். சாக்பீஸாலோ பெயின்ட்டாலோ ஒரு கோடு போட்டிருந்தால், அது எதற்கு என்று கேளுங்கள். “அதுக்கு மேல திறந்தா மோட்டார் ட்ரிப் ஆயிடும் சார்” என்று அவர் சொன்னால், ஒரு முழு ஆய்வறிக்கைக்குரிய செய்தி அந்த ஒரு வரியில் கிடைத்துவிட்டது. அந்த பம்பு, தேவையைவிட அதிக ஹெட்டுக்கு (நீரை ஏற்ற வேண்டிய உயரமும் குழாயின் உராய்வு இழப்பும் சேர்ந்தது; மீட்டரில் சொல்வது) வாங்கப்பட்டிருக்கிறது. வால்வை முழுதும் திறந்தால் நீர் வரத்து அளவுக்கு மீறிப் பெருகி, மோட்டார் தாங்க முடியாத மின்னோட்டத்தை இழுக்கிறது. மோட்டாரைக் காப்பாற்ற அவர் வால்வைப் பாதி மூடி வைத்திருக்கிறார். அவர் செய்தது சரியே. ஆனால் மூடிய வால்வில் வீணாகும் ஒவ்வொரு மீட்டர் ஹெட்டுக்கும் நகராட்சி மின்கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறது. பெயர்ப்பலகையில் உள்ள எண்களைப் பார்த்து அதே பம்பை மறுபடி வாங்கினால், இந்தத் தவறு இன்னும் 15 ஆண்டுகளுக்குத் தொடரும்.

இரண்டாம் படி: அளந்து பார்த்தல்

புதுப்பிப்புப் பணியில் மிகவும் குறைவாகச் செலவாவதும், மிகவும் அடிக்கடி கைவிடப்படுவதும் இந்தப் படிதான். ஒவ்வொரு பம்புக்கும் மூன்று அளவுகள் வேண்டும்: எவ்வளவு நீர் தள்ளுகிறது, எவ்வளவு ஹெட்டுக்குத் தள்ளுகிறது, எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது.

நீரின் அளவுக்குக் குழாயின்மேல் பொருத்தும் அல்ட்ராசோனிக் மீட்டரை வாடகைக்கு எடுக்கலாம். உட்புறம் படிவு பிடித்த பழைய வார்ப்பிரும்புக் குழாயில் அது தவறான அளவு காட்டக்கூடும் என்பதால், சம்ப் சோதனையால் சரிபார்ப்பது நல்லது. சம்ப்புக்கு வரும் குழாயை மூடிவிட்டு, ஒரு பம்பை மட்டும் ஓட்டி, நீர்மட்டம் இறங்குவதை அளவுகோலாலும் கடிகாரத்தாலும் குறித்துக்கொள்ள வேண்டும். சம்ப் 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். 12 நிமிடத்தில் மட்டம் 45 சென்டிமீட்டர் இறங்கினால், வெளியேறியது 36 கன மீட்டர். அதாவது மணிக்கு 180 கன மீட்டர், நொடிக்கு 50 லிட்டர். உள்வரும் வால்வ் முழுதாக அடைபடாமல் கசிந்தால் கணக்கு கெட்டுவிடும் என்பதால், பம்பை ஓட்டும் முன் 10 நிமிடம் காத்திருந்து மட்டம் உயராமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹெட்டுக்கு, பம்பின் வெளியேற்றுப் பக்கத்தில் சரிபார்க்கப்பட்ட புதிய பிரஷர் கேஜ் ஒன்றைப் பொருத்த வேண்டும். ஏற்கெனவே உள்ள கேஜின் முள் பல நிலையங்களில் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நம்ப வேண்டாம். உறிஞ்சும் பக்கத்து நீர்மட்டத்தையும் கேஜ் இருக்கும் உயரத்தையும் சேர்த்தால் மொத்த ஹெட் கிடைக்கும். அதே நேரத்தில் மின் அளவியில் கிலோவாட் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மேற்சொன்ன 50 லிட்டர் பம்பு 60 மீட்டர் ஹெட்டுக்கு ஓடுகிறது என்றால், நீருக்குச் சேரும் ஆற்றல் 29.4 கிலோவாட். மோட்டாரும் பம்பும் சேர்ந்து 70 சதவீதச் செயல்திறனில் இயங்கினால், மீட்டரில் 42 கிலோவாட் காட்டும். தேய்ந்த பம்பு 50 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால், அதே வேலைக்கு ஏறத்தாழ 59 கிலோவாட் எடுக்கும். நாளுக்கு 16 மணி நேரம் ஓடும் நிலையத்தில் இந்த வித்தியாசம் ஆண்டுக்குச் சுமார் 98,000 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று கொண்டால் ஏறக்குறைய 7.8 லட்சம் ரூபாய். மன்றத்தில் நிதி கேட்கும்போது, “பம்பு பழசாகிவிட்டது” என்ற வாசகத்தைவிட இந்தக் கணக்கு நன்றாகப் பேசும்.

அளவெடுக்கும்போதே காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். பம்புக்குள் ஜல்லி உருள்வதுபோல் ஓசை வந்தால், உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் போதாமல் நீர் ஆவிக்குமிழிகளாகி வெடிக்கிறது என்று பொருள். உறிஞ்சும் குழாயின் அடிமுனையில் உள்ள ஃபுட் வால்வ் அடைபட்டிருக்கலாம். உறிஞ்சும் குழாய் சிறியதாகவோ நீளமாகவோ இருக்கலாம். நம் பகுதி மேட்டுநிலம் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். கடல்மட்டத்தில் உள்ள ஊரோடு ஒப்பிட்டால் தருமபுரியில் வளிமண்டல அழுத்தம் சுமார் அரை மீட்டர் நீர் உயரத்துக்கும், ஓசூரில் ஏறத்தாழ ஒரு மீட்டருக்கும் குறைவு. சென்னையில் சத்தமில்லாமல் ஓடிய உறிஞ்சும் அமைப்பு இங்கே பம்புக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லரைத் தின்றுவிடும்.

மூன்றாம் படி: பம்புக்கு முன் குழாய்

பம்பிலிருந்து நீரைக் கொண்டுபோகும் பழைய உந்துகுழாயை அப்படியே விட்டுவிட்டுப் புதிய பம்பை மாட்டுவது, நோயை விட்டுவிட்டு மருந்தின் அளவை மட்டும் கூட்டுவதற்குச் சமம். 300 மில்லிமீட்டர் விட்டமும் 5 கிலோமீட்டர் நீளமும் உள்ள குழாயில் நொடிக்கு 50 லிட்டர் போனால், உட்புறம் வழவழப்பாக இருக்கும்வரை உராய்வில் இழப்பது ஏறத்தாழ 8 மீட்டர். அதே குழாய் துருவும் படிவும் ஏறிச் சொரசொரப்பானால் இழப்பு 14 மீட்டருக்கு மேல் போகும். இந்தக் கூடுதல் 6, 7 மீட்டரை ஒவ்வொரு மணி நேரமும் மின்சாரம் கொடுத்து ஈடுகட்டுகிறோம். குழாயைச் சுத்தம் செய்து உட்புறம் சிமென்ட் பூசுவதா, டக்டைல் இரும்புக் குழாயாக மாற்றுவதா, இணையாக இன்னொரு குழாய் போடுவதா என்று முடிவெடுத்த பிறகுதான் பம்பின் ஹெட்டை எழுத வேண்டும்.

இந்த முடிவில் நம் மண்ணும் பங்கு கொள்கிறது. இரண்டு மாவட்டங்களிலும் பல தெருக்களில் மூன்றடி தோண்டினால் பாறை வரும். பாறை உடைக்கும் செலவையும், குறுகிய தெருவில் வெடி வைக்க முடியாததால் பிரேக்கர் கொண்டு மெல்ல உடைக்க ஆகும் நாட்களையும் முதலிலேயே மதிப்பீட்டில் சேர்க்காவிட்டால், பணி நடுவழியில் நிற்கும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாய் எதிர்ப்பட்டால் உலர்ந்த நிலையில் கட்டர் வைத்து அறுக்கக்கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஈரப்படுத்தி, முகக்கவசத்தோடு கையாள வேண்டும்.

நான்காம் படி: புதிய பம்பைத் தேர்ந்தெடுத்தல்

தேவைக் கணக்கைக் கையேட்டின் நாளொன்றுக்கு நபருக்கு 135 லிட்டர் என்ற அளவிலிருந்து தொடங்கி, பாதாளச் சாக்கடை உள்ள பகுதி, இல்லாத பகுதி என்று பிரித்து எழுதுங்கள். அடுத்த 15 ஆண்டுகளின் தேவைக்கு இன்றே ஒரு பெரிய பம்பை வாங்குவதைவிட, இன்றைய தேவைக்கு இரண்டும் மாற்றாக ஒன்றும் வைத்து, நான்காவதற்கு அடித்தளமும் குழாய் இணைப்பும் தயாராக விடுவது சிறந்தது. எந்தப் பம்பும் தன் உச்சச் செயல்திறன் புள்ளிக்கு அருகில் ஓடினால்தான் பேரிங்கும் சீலும் நீடிக்கும்.

மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்கருவிகளான டிரைவ்கள் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மின்சாரம் மிச்சமாகும் என்று சொல்லி எல்லா நிலையங்களுக்கும் அவற்றைப் பரிந்துரைக்கிறார்கள். வேகத்தைக் குறைத்தால் நீரின் அளவு அதே விகிதத்திலும், ஹெட் வேகத்தின் இருமடியிலும், மின்தேவை மும்மடியிலும் குறையும் என்பது உண்மை. உராய்வு மிகுந்த, ஏற்றம் குறைந்த சமவெளிக் குழாய்களுக்கு அது பொருந்தும். நம்முடையது மேடுபள்ளமான நிலம். 60 மீட்டர் மொத்த ஹெட்டில் 50 மீட்டர் வெறும் உயரமாகவே இருக்கும் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வால்வ் மூடிய நிலையில் 75 மீட்டர் ஹெட் தரும் பம்பை 80 சதவீத வேகத்தில் ஓட்டினால் அந்த ஹெட் 48 மீட்டராகிவிடும். தொட்டியோ 50 மீட்டர் மேலே இருக்கிறது. பம்பு சுழலும், ஒரு சொட்டும் ஏறாது, உள்ளே இருக்கும் நீர் சூடேறும். இத்தகைய நிலையத்துக்குச் சரியான அளவு பம்பும், மென்மையாகத் தொடங்கும் ஸ்டார்ட்டரும் போதும். தொட்டியில்லாமல் நேரடியாகத் தெருக்குழாய்க்கு நீர் அனுப்பும் இடங்களிலும், வரத்து ஏறி இறங்கும் கழிவுநீர் நிலையங்களிலும் டிரைவுக்குச் செலவிடுவது நியாயமானது.

மோட்டார், பன்னாட்டுத் தரவரிசையில் ஐ.இ.3 எனப்படும் செயல்திறன் வகுப்புக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: நீரடியைத் தாங்கும் ஏற்பாடு

ஓடிக்கொண்டிருக்கும் பம்பு மின்தடையால் நின்றதும், குழாய் முழுவதும் நகர்ந்துகொண்டிருந்த பல நூறு டன் நீர் திடீரெனத் தன் வேகத்தை இழக்கிறது. அப்போது குழாயில் எழும் அழுத்த அதிர்ச்சியே நீரடி. இரும்புக் குழாயில் அழுத்த அலை நொடிக்கு ஏறத்தாழ 1,100 மீட்டர் வேகத்தில் ஓடும். நீரின் வேகம் நொடிக்கு 0.7 மீட்டர் என்றால், அது சட்டென நிற்கும்போது எழும் கூடுதல் அழுத்தம் சுமார் 78 மீட்டர் நீர் உயரம். ஏற்கெனவே உள்ள 60 மீட்டரோடு சேர்த்துக் குழாய் 138 மீட்டர் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். 5 கிலோமீட்டர் குழாயில் இந்த அலை போய்த் திரும்ப 9 நொடி ஆகும். அதற்குள் மூடும் எந்த வால்வும் திடீரென மூடுவதற்கு ஒப்பானதே.

அழுத்தம் கூடுவதைவிட மறைவான ஆபத்து, அது குறைவதில் இருக்கிறது. பம்பு நின்ற கணத்தில் உந்துகுழாயின் மேடான இடங்களில் வெற்றிடம் உண்டாகிறது. அங்கே இணைப்பு கசிந்தால், வெளியே இருக்கும் சாக்கடை நீர் குடிநீர்க் குழாய்க்குள் உறிஞ்சப்படும். ஏறி இறங்கிச் செல்லும் நம் ஊர்க் குழாய்களில் ஒவ்வொரு மேட்டிலும் காற்றை உள்ளே விட்டு வெற்றிடத்தைத் தடுக்கும் காற்று வால்வ் இருப்பதும், அது வேலை செய்வதும் இதனால்தான் உயிர்ப் பிரச்சினை. பல இடங்களில் காற்று வால்வின் அறை சாலைக்கு அடியில் தாருக்குள் புதைந்திருக்கும். புதுப்பிப்புப் பணியின்போது அவற்றை ஒவ்வொன்றாகத் தோண்டி வெளியே எடுத்து, அறை கட்டி, மூடி போட வேண்டும். பெரிய நிலையங்களுக்கு அழுத்த ஆய்வைக் கணினியில் செய்து, அழுத்த அதிர்ச்சியைத் தாங்கும் காற்றுக் கலன் தேவையா, இடைவழி வால்வுகள் போதுமா என்று முடிவு செய்யுங்கள். புதிய பம்பு பழையதைவிட அதிக நீர் தள்ளுமானால் இந்த ஆய்வைத் தவிர்க்கவே கூடாது. பழைய குழாய் உடைவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆறாம் படி: கழிவுநீர் உந்து நிலையம்

குடிநீர் நிலையத்தின் அறிவை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. கணக்கு இப்படிப் போகும்: 10,000 பேர் வசிக்கும் பகுதியில் நபருக்கு 135 லிட்டராக வழங்கும் நீரில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பினால், சராசரி வரத்து நொடிக்கு 12.5 லிட்டர். 20,000 பேர் வரை உள்ள பகுதிக்குக் கையேடு கூறும் உச்சப் பெருக்கம் (உச்ச வரத்து சராசரியைப் போல் எத்தனை மடங்கு என்பது) 3. ஆகவே பம்பு 37.5 லிட்டருக்கு வேண்டும். மணிக்கு 6 முறைக்கு மேல் மோட்டார் தொடங்கக்கூடாது என்றால், கிணற்றில் தொடங்கும் மட்டத்துக்கும் நிற்கும் மட்டத்துக்கும் இடையே குறைந்தது 5.6 கன மீட்டர் இடம் வேண்டும். கழிவுநீர் அரை மணி நேரத்துக்கு மேல் தேங்கி அழுகக்கூடாது என்பதால் 22.5 கன மீட்டருக்கு மேலும் போகக்கூடாது. உந்துகுழாயில் வேகம் நொடிக்கு 0.8 மீட்டருக்குக் குறைந்தால் மணலும் கசடும் அடியில் படியும். இந்த வரத்துக்கு 250 மில்லிமீட்டர் குழாய் போட்டால் வேகம் 0.76 மீட்டர்தான், 200 மில்லிமீட்டர் போட்டால் 1.2 மீட்டர். பெரிய குழாய் பாதுகாப்பானது என்ற எண்ணம் இங்கே பொய்த்துப் போகிறது.

நம் ஊர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாதாளச் சாக்கடை போட்டாலும் வீட்டு இணைப்புகள் மெதுவாகத்தான் வரும். செப்டிக் டேங்க் நன்றாக இருக்கும்போது எதற்கு வைப்புத்தொகை கட்ட வேண்டும் என்று பலர் தயங்குகிறார்கள். வரத்து பாதியாக இருக்கும்போது கழிவுநீர் இருமடங்கு நேரம் தேங்கும்; ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகும்; அது ஈரமான கான்கிரீட் மேற்பரப்பில் நுண்ணுயிரிகளால் கந்தக அமிலமாக மாறிக் கூரையையும் மேன்ஹோல் சுவரையும் அரிக்கும். எனவே முதற்கட்டத்தில் சிறிய பம்பு ஒன்றைச் சேர்த்து வையுங்கள். இணைப்புகள் பெருகப் பெருகப் பெரியவற்றை ஓட்டலாம்.

இப்போது இந்த வழிகாட்டியில் எனக்கு மிகவும் முக்கியமானதைச் சொல்கிறேன். எந்த மனிதரும் சேகரிப்புக் கிணற்றுக்குள் இறங்க வேண்டிய தேவையே எழாதபடி நிலையத்தை வடிவமைக்க வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை வாடை தரும்; அளவு கூடினால் மூக்கின் மோப்பத் திறனையே மழுங்கடித்துவிடும். வாடை போய்விட்டது, வாயு இல்லை என்று நம்பி இறங்கியவர்களும், அவர்களைத் தூக்கப் பின்னால் இறங்கியவர்களும் ஒரே குழியில் மாண்ட செய்திகளை நாம் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம். கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டின் சட்டம், சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆபத்தான முறையில் துப்புரவு செய்ய ஆட்களை ஈடுபடுத்துவதைத் தடை செய்கிறது. சாக்கடையில் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு வழங்க வேண்டிய இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023-ல் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. நம் கையில் இருப்பது வடிவமைப்பு. வழிகாட்டிக் கம்பியில் இறங்கித் தானாகவே குழாயோடு பொருந்தும் நீர்மூழ்கிப் பம்பை, மேலே இருந்து சங்கிலியால் தூக்கிவிடலாம். துணி, கயிறு, நாப்கின், கல்யாண மண்டபத்து இலை ஆகியவற்றைத் தடுக்கும் சல்லடையைத் தரைமட்டத்துக்குத் தூக்கும் கூடையாகவோ, இயந்திரச் சல்லடையாகவோ அமைக்கலாம். மட்டம் காட்டும் கருவியைக் கழற்றி மாட்டும் வேலையும் மேலிருந்தே நடக்க வேண்டும். வாயு அளவி, காற்று ஊதி, முக்காலி, பாதுகாப்பு வார் ஆகியவற்றையும் மதிப்பீட்டில் தனி இனங்களாகச் சேருங்கள்; “இதர செலவு” என்ற தலைப்பில் போட்டால் கடைசி நேரத்தில் வெட்டப்படுபவை அவைதான்.

ஏழாம் படி: மின்சாரமும் இடமும்

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் காலையில் நிறுத்தினால் மாலை வரை மின்சாரம் இருக்காது என்பது நமக்குப் பழக்கம். குடிநீருக்கு முந்தைய இரவே தொட்டியை நிரப்பிச் சமாளிக்கலாம். கழிவுநீரை நிறுத்தி வைக்க முடியாது. ஆகவே ஜெனரேட்டர் வாங்கப் பணம் குறைவாக இருந்தால் முதலில் கழிவுநீர் நிலையத்துக்கு வாங்குங்கள். தானாக மாறும் பேனலோடு வாங்குங்கள். புதிய மோட்டாருக்கு ஏற்பப் பழைய கேபிளும் டிரான்ஸ்பார்மரும் போதுமா, மின்திறன் காரணி குறைந்து அபராதம் கட்டுகிறோமா என்பதைச் சென்ற ஓராண்டு மின்கட்டண ரசீதுகளை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நிலையத்தின் தரைமட்டத்தையும் மறுபடி நிர்ணயிக்க வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் தொடர்ச்சியாக ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டி, நிறுத்தியிருந்த வாகனங்களை வெள்ளம் அடித்துச் சென்றது. வறண்ட மாவட்டம் என்று நினைத்துப் பள்ளத்தில் கட்டிய பம்பு அறைகளில், பேனலையும் ஸ்டார்ட்டரையும் அந்த வெள்ள மட்டத்துக்கு மேல் உயர்த்துவது இனி கட்டாயம் என்றே கொள்ள வேண்டும்.

எட்டாம் படி: மதிப்பீடும் ஒப்பந்தப்புள்ளியும்

நிதிக்கு மத்திய அரசின் அம்ருத் 2.0 போன்ற நகர்ப்புறத் திட்டங்களும், நகராட்சியின் சொந்த நிதியும் வழிகள். நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி ஆகியவற்றின் வரிசை பொறியாளர்களுக்குத் தெரிந்ததே. நான் வலியுறுத்துவது ஒன்று: 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி மதிப்பிடும் முறை முன்கூட்டியே ஆவணத்தில் இருக்க வேண்டும். ஆகவே பம்பின் விலையோடு 15 ஆண்டு மின்செலவையும் சேர்த்து எது மலிவு என்று பார்க்க விரும்பினால், அந்தச் சூத்திரத்தை முதல் நாளே ஆவணத்தில் எழுதுங்கள். இயங்கு புள்ளியில் உத்தரவாதச் செயல்திறன், தொழிற்சாலையில் நம் பொறியாளர் முன்னிலையில் சோதனை, குறைந்தால் எவ்வளவு பிடித்தம், ஐந்தாண்டுப் பராமரிப்பு, உதிரிப் பாகங்களின் பட்டியல் ஆகியவையும் அதிலேயே வர வேண்டும்.

ஒன்பதாம் படி: நீர் நிற்காமல் மாற்றுதல்

காலத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி. மார்ச் முதல் மே வரை குடிநீர் நிலையத்தில் கை வைக்கக்கூடாது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை நீர் சாக்கடைக்குள் புகுவதால் கழிவுநீர் நிலையத்தைத் தொடக்கூடாது. மழை ஓய்ந்து வெயில் ஏறாத ஜனவரி, பிப்ரவரியே இரண்டுக்கும் ஏற்றவை. அப்போதும் தருமபுரியில் குமாரசாமிப்பேட்டைத் தைப்பூசத் தேரோட்ட நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். அதற்கேற்ப இயந்திரங்கள் டிசம்பருக்குள் கிடங்குக்கு வந்துவிட வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு பம்பை மட்டும் மாற்றுங்கள். புதியது தடையில்லாமல் இரண்டு வாரம் ஓடிய பிறகே அடுத்த பழைய பம்பைக் கழற்றுங்கள். பொதுக்குழாயை வெட்டி இணைக்கும் நாளுக்கு, மணிவாரியாக ஒரு தாள் எழுதி, யார் எந்த வால்வை மூடுவது, எத்தனை மணிக்குள் முடியாவிட்டால் பழைய இணைப்புக்கே திரும்புவது என்பதைக் குறித்துவிடுங்கள். பழைய வால்வுகள் முழுதாக மூடுகின்றனவா என்பதை ஒரு வாரம் முன்பே சோதிக்க வேண்டும். வெட்டிய பிறகு தெரிந்துகொள்ளக்கூடிய செய்தி அது அல்ல. கழிவுநீர் நிலையத்துக்கு, மேலே உள்ள மேன்ஹோலிலிருந்து உந்துகுழாய்க்கு நேரே இறைக்கும் தற்காலிகப் பம்பும், அதற்கு மாற்றாக இன்னொன்றும் தளத்தில் இருக்க வேண்டும்.

வார்டு மக்களுக்கு மூன்று நாள் முன்பே ஒலிபெருக்கியிலும், வாட்ஸ்அப் குழுக்களிலும் நேரத்தைச் சொல்லுங்கள். நீர் நிற்கும் நேரத்தில் பற்றாக்குறையைச் சமாளிக்க மேல்நிலைத் தொட்டியை உள்ளூர் ஆழ்துளைக் கிணற்று நீரால் நிரப்பும் பழக்கம் சில இடங்களில் உண்டு. புளோரைடு அளவு தெரியாத கிணற்று நீரை அப்படிக் கலக்கவே கூடாது. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் லாரி மூலம் சுத்திகரித்த நீரைத் தனியாகக் கொடுத்து, ஆழ்துளைக் கிணற்று நீர் புழக்கத்துக்கு மட்டும் என்று தெளிவாக அறிவிக்க வேண்டும்.

இணைப்பு முடிந்ததும் புதிய குழாயை அழுத்தச் சோதனை செய்து, குளோரின் நீரால் நிரப்பி வைத்து, கழுவி விட்டு, கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்கிறதா என்று பார்த்த பிறகே திறந்துவிடுங்கள்.

பத்தாம் படி: ஒப்படைப்புக்குப் பின்

இரண்டாம் படியில் செய்த அதே சம்ப் சோதனையை, அதே அளவுகோலோடு புதிய பம்புகளுக்கும் செய்து, அந்த எண்களைப் பேனல் அருகே சுவரில் பெயின்ட்டால் எழுதுங்கள்: நீரின் அளவு, கேஜ் அழுத்தம், ஆம்பியர், ஆயிரம் லிட்டருக்கு ஆகும் யூனிட். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் கடைசி எண் 0.23 யூனிட்டாக இருக்கும். ஆபரேட்டர் தினமும் பதிவேட்டில் எழுதும்போது அந்தச் சுவரோடு ஒப்பிட்டுப் பார்ப்பார், 0.26-ஐத் தொட்டால் உதவிப் பொறியாளருக்குச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு எழுத்துமூலம் அறிவுறுத்துங்கள். பம்பின் தண்டு வழியே நீர் கசியாமல் தடுக்கும் கிளாண்ட் பேக்கிங், மெக்கானிக்கல் சீல் ஆகியவற்றோடு பேரிங் ஒரு செட், ஃபியூஸ், கான்டாக்டர் ஆகியவை நிலையத்திலேயே பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். பழுதான பிறகு சேலத்துக்கோ பெங்களூருக்கோ ஆள் அனுப்பி வாங்கினால் ஒரு நாள் போய்விடும். மாற்று பம்பை வாரம் ஒருமுறை முறைவைத்து ஓட்டுங்கள். காற்று வால்வுகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். ஓராண்டு முடிவில் சம்ப் சோதனையை ஒப்பந்ததாரர் முன்னிலையில் மறுபடி செய்து, செயல்திறன் உத்தரவாத அளவில் நின்றால் மட்டுமே அவருடைய பிடித்தத் தொகையை விடுவிக்க வேண்டும்.